கசிவு: இன்மை

என் மூத்திரத்தைப் பற்றிப் பொய்ப் பதிவேடு எழுதி, அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு இயந்திரத்தையே ஏமாற்றப் பார்த்தவன் நான். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தவர்கள் காரைக்காலில் இருக்கலாம். இருந்தால் இதுவரை அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பூவத்திலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். குறுக்கே ஒரு ஆடு வந்தது. ஆடு பிழைத்தது. நான் மதகுச் சுவரில் போய் மோதி முதுகெலும்பை உடைத்துக்கொண்டேன். பூவத்திலிருந்து வரும்போது விழுந்தேன் என்றால் எங்கள் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. எல்லையோரத்துச் சாராயக் கடைகளை நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அன்று நான் குடித்திருந்தது ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ், உப்புப் போட்டது. அதை இதுவரை ஒருவர்கூட நம்பவில்லை.

கால்கள் பாதி திரும்பி வந்தன. வலது காலில் இரும்புப் பட்டை, இரண்டு கையிலும் ஊன்றுகோல். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை என்பதால் வேலை போகவில்லை. மாடிப்படி இல்லாத பிரிவாகப் பார்த்து மாற்றினார்கள். மூத்திரம் மட்டும் திரும்பி வரவில்லை என்று சொல்ல முடியாது. அது வந்துகொண்டேதான் இருக்கிறது. என்னைக் கேட்டு வருவதில்லை, அவ்வளவுதான்.

மறைப்பதில் நான் கெட்டிக்காரன் ஆனேன். கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் பேன்ட் கிடையாது. அலுவலகத்தில் மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில் எப்போதும் நிறைந்திருக்கும். குடிப்பதற்கு அல்ல. பேன்ட் நனைந்துவிட்டது என்று தெரிந்ததும் பாட்டிலைத் தட்டி மடியில் கவிழ்த்துக்கொண்டு "அடச்சே" என்பேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது இது நடக்கும். பிரிவில் எனக்குக் கை நடுக்கம் என்று பேர். கண்காணிப்பாளர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, நல்ல நரம்பு டாக்டர் ஒருவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். மரியாதைக்குக் கொஞ்சம் நடுங்கியபடியே வாங்கிக்கொண்டேன்.

டயப்பர் வாங்க நாகூர் போவேன். காரைக்காலில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். நாகூர்க் கடைக்காரர் முதல் நாளே கேட்டார்.

"யாருக்குங்க?"

"அப்பாவுக்கு" என்றேன். அப்பா இறந்து அப்போதே ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் விசாரிப்பார். "அப்பா எப்படி இருக்காங்க?" நானும் விடாமல் பதில் சொல்வேன். "பரவால்லைங்க. பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்குறாங்க." ஒருமுறை பெரிய சைஸ் கேட்டபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அப்பா ஒடம்பு வச்சிட்டாங்க போல. நல்லா சாப்புடுறாங்கள்ல, அதுதான் வேணும்."

கடையை விட்டு வெளியே வந்து நின்றபோது எனக்கு அப்பாமேல் பொறாமையாக இருந்தது. செத்த பிறகும் அவரை மாதாமாதம் விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறார்.

உறவுக்காரர்களின் வீடுகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி வீடு, மெத்தை போட்ட வீடு. முதல் வகைக்கு மட்டும் போவேன், அங்கேயும் கடைசி ஆளாகத்தான் எழுந்திருப்பேன். அம்பகரத்தூரில் இருக்கும் என் அக்கா வீடு வெகுகாலம் முதல் வகையில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், பெரிய மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அக்கா சந்தன நிறத்தில் ஒரு சோபா வாங்கினாள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அழகான சோபா. அந்த வீட்டுக்கு அப்புறம் நான் போகவில்லை.

"எங்க மேல என்னடா கோவம்?" என்று போனில் கேட்பாள்.

"கோவமெல்லாம் இல்லக்கா. ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன்."

மூன்று வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும் அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அக்கா மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து, தாலி கட்டியதும் வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. சாப்பிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும்.

எனக்கு நிரந்தரமாக இருந்த மனிதத் தொடர்பு என்றால் ஒரு ஆட்டோக்காரர். ஆறு வருடமாகக் கோவில்பத்தில் என் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் அவர்தான். நாற்பது வயது இருக்கும். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். ஆட்டோவில் ஏறியதும் நான் ஒரு ஃப்ளெக்ஸ் துண்டை விரித்து, அதன்மேல் துண்டு போட்டு உட்காருவேன். யாரோ வீட்டுக் கல்யாண பேனரிலிருந்து வெட்டியது. "வருக வருக" என்று இருந்த இடத்தை வெட்டியிருந்தேன். தினமும் அந்த வரவேற்பின் மேல்தான் உட்கார்ந்து போனேன்.

"இது எதுக்குங்க சார்?" என்று முதல் வாரம் பாய் கேட்டார்.

"முதுகுத்தண்டுக்கு. ரெக்ஸின் சூடு ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"சரிங்க."

அவருடைய ஆட்டோவில் எப்போது ஏறினாலும் பினாயில் வாடை அடிக்கும். நான் அதைக் கிண்டல் செய்வேன். "என்ன பாய், இது ஆட்டோவா, ஆஸ்பத்திரி வார்டா?" "மழக் காலங்க, சீட்டுல பூஞ்ச புடிக்குது" என்பார். சித்திரை மாதத்திலும் அதையேதான் சொன்னார். சுத்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் மூன்று தடவை குளிர்க் காய்ச்சல் வந்தது. மூன்றாவது தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து வந்து பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூத்திரப்பையில அழுத்தம் எவ்வளவுன்னு டெஸ்ட் எடுக்கணும். அழுத்தம் ஜாஸ்தியா இருந்தா மேல ஏறி கிட்னிய அடிக்கும். ஒண்ணு ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு. இன்னொண்ணையாவது காப்பாத்தணும்" என்றார். பிறகு அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும், ஒரு படிவமும் கொடுத்தார். மூன்று நாள் டயரி. எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தேன், எத்தனை மணிக்கு எவ்வளவு வெளியே போனது, எத்தனை தடவை கசிந்தது. "டெஸ்ட்டவிட இது முக்கியம். உள்ளத உள்ளபடி எழுதிட்டு, டெஸ்ட்டுக்குத் தஞ்சாவூர் வாங்க."

முதல் நாள் காலை உள்ளதை உள்ளபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அலுவலகத்தில் அறிவிப்புப் பலகைக்கு என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். அந்தக் கையெழுத்தில் எழுதினேன்: 5.40, நனைந்தது. 6.20, நனைந்தது. 7.15, நனைந்தது. 7.50, நனைந்தது. எட்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பது வருடமாக ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல் வைத்திருந்த சமாச்சாரம், அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் போல வரிசையாக நின்றது. கிழித்துப் போட்டேன். வீட்டில் நான் ஒருவன்தான். என்னிடமிருந்து மறைக்கத்தான் கிழித்தேன்.

படிவத்தில் நல்லவேளையாக இன்னொரு தாள் இருந்தது. டெஸ்டுக்கு முந்தின நாள் அலுவலகத்தில், மதிய இடைவேளையில், அதை நிரப்பினேன். ஆய்வுக்கு முன் பதிவேடுகளைச் சரிசெய்வதில் எங்கள் பிரிவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் நாளுக்கு நீலப் பேனா. இரண்டாம் நாளுக்குக் கறுப்பு. மூன்றாம் நாளுக்கு மை தீரப்போகும் பேனா, அங்கங்கே விட்டுவிட்டு எழுதுவது. ஓரத்தில் தேநீர்க் கறை ஒன்று. தாளை நான்காக மடித்து விரித்து மறுபடி மடித்தேன். காலை 6.30, முன்னூறு மில்லி. 10.15, முன்னூறு. 1.30, இருநூற்றெண்பது, எல்லாம் முன்னூறாக இருந்தால் தணிக்கையில் சந்தேகப்படுவார்கள். கசிவு என்ற பத்தியில் மூன்று நாளுக்கும் அரசாங்கச் சொல்லைப் போட்டேன்: இன்மை. இன்மை. இன்மை.

மாலை வீட்டுக்குப் போகையில் பாயிடம், காலையில் தஞ்சாவூர் போக வேண்டும், முதுகுக்குச் சிகிச்சை என்றேன். மறுநாள் காலை அவர் தன் மச்சானின் காரை வாங்கி வந்தார். புதிய கார், சாம்பல் நிறத் துணி சீட்டு. சீட்டைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. டயப்பர், அதற்குமேல் இன்னொரு டயப்பர், அதற்குக் கீழே ஃப்ளெக்ஸ், அதற்குமேல் இரண்டு துண்டு. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும் கும்பகோணம் தாண்டும்வரை இடுப்பைத் தூக்கியபடிதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்காங்க?" டெஸ்டுக்குச் சம்மதம் என்று கூட வந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். பாயைப் பார்த்தேன். காரை நிறுத்திவிட்டு வந்து சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"பாய், உறவுங்குற எடத்துல தம்பின்னு போட்டுருங்க."

பாய் படிவத்தை நிதானமாகப் படித்தார், கையெழுத்துப் போட்டார். உறவு என்ற இடத்தில் "ஆட்டோ" என்று எழுதினார். என் பொய்ப் பதிவேட்டுக்கு நான் காட்டிய அக்கறையில் கால்வாசிகூட அவர் இந்தப் பொய்க்குக் காட்டவில்லை.

டெஸ்ட் எடுத்தவர் முப்பது வயதுப் பெண். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார். முன்னால் ஒரு மெல்லிய குழாய், பின்னால் ஒரு மெல்லிய குழாய். எந்தப் பக்கமும் மிச்சம் வைக்கவில்லை.

"மூத்திரப்பையில மெதுவா ஸலைன் விடுவேன் சார். மொதல்ல ஏதாச்சும் தோணுறப்ப சொல்லுங்க. அவசரமா வர்றப்ப சொல்லுங்க. ஒழுகினாலும் சொல்லுங்க. நடுநடுவுல இருமச் சொல்லுவேன்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. டயரியில் என் மூத்திரப்பை முன்னூறு பிடிக்கும் கண்ணியமான மூத்திரப்பை. ஆகவே இங்கேயும் நூற்றைம்பதில் "தோணுது" என்று சொல்ல வேண்டும், முன்னூறில் "அவசரம்" என்று சொல்ல வேண்டும். ஸலைன் விடும் பம்பில், எத்தனை மில்லி உள்ளே போனது என்ற எண் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டும்போது பிடரியில் சிலிர்த்தது, தொடை துள்ளியது. எனக்குப் பழக்கப்பட்ட சமிக்ஞைதான். முகத்தைப் பெரிய மனுஷத்தனமாக வைத்துக்கொண்டேன்.

"ஏதாச்சும் தோணுதா சார்?"

"இல்லைங்க. சௌகரியமா இருக்கு."

"இருமுங்க."

இருமினேன். கீழே வைத்திருந்த பாத்திரத்தில் சொட்டுச் சத்தம் கேட்டது.

"சார், ஒழுவுது."

"அது நீங்க ஊத்துன தண்ணிதானேம்மா. எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்."

அவர் சிரிக்கவில்லை. பம்பை நிறுத்தினார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அழுத்தத்தைக் காட்டிச் சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு, அறுபதில் மலை மாதிரி ஏறியிருந்தது. அதற்கப்புறம் இன்னொரு மலை, அதைவிடப் பெரியது.

"அறுபதுலயே மூத்திரப்பை சுருங்குது பாருங்க. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கை நாற்காலிய இறுக்கிப் புடிச்சத நான் பாத்தேன்."

கையை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க சொல்லாட்டி நான் எழுதுறது தப்பாயிரும் சார். நான் தப்பா எழுதுனா டாக்டர் குடுக்குற மாத்திரை தப்பாயிரும். இன்னொரு தடவ நெரப்புறேன்."

மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை நான் எண்ணைப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரி சிலிர்த்ததும் "இப்ப" என்றேன். விசைப்பலகையில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் "இப்ப அவசரமா வருது" என்றேன். தட்டினார். அப்புறம், "இப்ப நனைஞ்சிட்டேங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்று தட்டினார்.

அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில், நனைந்த நேரத்தில் நனைந்தேன் என்று ஒரு மனிதரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. அவர் பம்பை நிறுத்தி, குழாய்களை எடுத்து, துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே எனக்காகக் கவலையோடு காத்திருக்க யாரும் இல்லை என்பதும், இங்கே நடந்ததை வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஆள் இல்லை என்பதும் அந்த நாற்காலியில்தான் எனக்கு நன்றாக உறைத்தது. மற்ற நாளில் அதையெல்லாம் சௌகரியம் என்று சொல்லிக்கொள்வேன்.

டாக்டர் ஒரு பக்கம் கோடு ஓடிய தாளையும், இன்னொரு பக்கம் என் டயரியையும் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோட டயரி?"

"என்னோடதுதான் சார்."

"எங்கிட்ட வர்றவங்க யாருக்கும் இவ்வளவு நல்ல மூத்திரப்பை கெடையாது. எனக்கே கெடையாது." தாளைத் திருப்பினார். "இன்மைன்னா என்ன?"

"'நில்', ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் சார். ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம்."

"சரி. மூணாவது நாள் இன்னைக்குத் தேதி போட்டிருக்கு. ராத்திரி பத்தரை மணிக்கு முன்னூறு மில்லி போயிருக்கீங்க. இப்ப மணி பன்னண்டு."

வருகைப் பதிவேட்டில் மாலைக் கையெழுத்தைக் காலையிலேயே போட்டுவைக்கும் பழக்கம், என்னை அறியாமல் அங்கேயும் வேலை செய்திருக்கிறது. தேநீர்க் கறை வரைக்கும் யோசித்தவன் தேதியை யோசிக்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இத நம்பியிருந்தா உங்கள மாத்திரையோட அனுப்பியிருப்பேன். உள்ள அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி. பாதிதான் வெளிய வருது, பாதி உள்ளயே நின்னு மேல ஏறுது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ நீங்களே குழாய் விட்டு எடுக்கணும். கத்துத் தருவாங்க. தண்ணி குடிக்கணும். இன்னைலேருந்து புது டயரி. பதினஞ்சு நாள்ல வாங்க." புதுப் படிவம் ஒன்றை நீட்டிக்கொண்டே சொன்னார். "வீட்டுல ஒருத்தருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கணும். திடீர்னு அடைச்சுக்கிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ நீங்களா வந்து சேர முடியாது."

"வீட்டுல யாரும் இல்ல சார்."

"வெளிய ஒருத்தர் இருக்காரே."

"அவரு ஆட்டோ சார்."

டாக்டர் குழாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதே பெண் எனக்குக் குழாய் விடக் கற்றுக்கொடுத்தார். முதல் தடவை கை நிஜமாகவே நடுங்கியது. கண்காணிப்பாளர் பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

திரும்பும்போது வழியில் ஒரு கடையில் பாய் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தேன், குடித்தபிறகுதான் சீட்டின் நினைவு வந்தது. புது டயரியை மடியில் விரித்து, குடித்த தண்ணீரின் அளவை எழுதினேன். பேரளம் தாண்டியதும் பிடரி சிலிர்த்தது.

"மணி என்ன பாய்?"

"நாலு அஞ்சுங்க."

எழுதினேன். 4.05, நனைந்தது. கார் குலுங்கியதில் எழுத்து கோணலாக வந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியதில் மோசமான கையெழுத்து அதுதான். கிழிக்கவில்லை.

ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அலுவலகத்தில் சொன்னால், அத்தனை தண்ணீர் பாட்டில்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். நாகூர்க் கடைக்காரரிடம் சொன்னால் அப்பா இறந்த செய்தி அவரை உடைத்துவிடும். அம்பகரத்தூர் வந்தது. கோயில் தெரு திரும்பும் இடத்தில் பாய் வேகத்தைக் குறைத்தார்.

"அக்கா வீடு இங்கதானே சார். ஒரு எட்டு பாத்துட்டுப் போவலாமா?"

"வேணாம் பாய்."

"சரிங்க."

கார் தெருவைத் தாண்டியது. சோபா இருக்கும் வீடு பின்னால் போயிற்று. இரண்டு பக்கமும் வயல். திருநள்ளாறு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், அதற்கப்புறம் ஊர் வந்துவிடும், எனக்கு மறுபடி சிரிப்பு வந்துவிடும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். மூன்று தடவை செருமியதில், பாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"பாய், ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷமா உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். அந்த ஃப்ளெக்ஸ் முதுகுத்தண்டுக்கு இல்ல. எனக்கு மூத்திரம் நிக்காது. இப்பக்கூட உங்க மச்சான் சீட்டு நனைஞ்சிருக்கும்."

பாய் கியரை மாற்றினார்.

"ஆறு வருஷமா சீட்டத் தொடைக்கிறது நாந்தானேங்க."